கமரா விட்டுப் பார்த்த பிறகு வயிற்றுவலி. வாய்வு என்று விட்டுவிட்டோம்

உப்புவெளிக்காரன் | ஞாயிறு இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 67 வயது. சீனி வருத்தம் பல வருடமாக இருக்கிறது. மலத்தோடு இரத்தம் போனதால் பெருங்குடலைக் கமரா விட்டுப் பார்க்கச் சொன்னார்கள். வெளியூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் செய்தோம். உள்ளே ஒரு சதை முளை (பொலிப்) இருந்ததாம், கம்பிச் சுருக்குப் போட்டுச் சுட்டு எடுத்துவிட்டோம் என்றார்கள். அன்று பின்னேரமே டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஹபரணை தாண்டி யானை நின்றதால் வானை அரை மணித்தியாலம் நிறுத்தி வைத்து, நடுச்சாமம் தாண்டித்தான் வீடு வந்து சேர்ந்தோம். அப்பா வழியெல்லாம் பகிடி விட்டுக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் பகலும் ஒன்றுமில்லை. இரவு எட்டு மணி போல வயிற்றின் இடப்பக்கம் கீழே வலி தொடங்கியது. "காத்தடிச்சுத்தானே பாத்தவை, அதான் வாய்வு பிடிச்சிருக்கு" என்று அம்மா ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தார். பெரியம்மா உள்ளி சுட்டுக் கொடுத்தார். நல்லெண்ணெய் தடவினோம். ஒரு கட்டத்தில் வலி குறைந்த மாதிரியும் இருந்தது, அப்பா கண்ணயர்ந்தார். விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பித் தோள்மூட்டு குத்துகிறது என்றார். படுத்த விதம் பிழை என்று தலையணையை மாற்றினோம்.

காலை பத்து மணிக்கு வயிறு பலகை மாதிரி. காய்ச்சல் இல்லை, அதனால்தான் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு இருந்தோம். 1990 அம்புலன்ஸுக்குப் போன் அடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே முதலில் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். வயிறு வலிக்கிறது என்று வந்தால் நெஞ்சை ஏன் படம் எடுக்கிறீர்கள் என்று நான் சத்தம் போட்டேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. அன்று இரவே ஒப்பரேஷன். பெருங்குடலில் ஒரு ஓட்டை, மலம் வயிற்றுக்குள் போயிருக்கிறது. மூன்று நாள் தீவிர சிகிச்சையில் இருந்தார். இப்போது வீட்டில், வயிற்றின் இடப்பக்கம் மலம் சேரும் பையோடு.

எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். இது கமரா விட்ட டொக்டரின் பிழையா? இந்தப் பை வாழ்நாள் முழுக்கவா? நாங்கள் அந்த இரவே கொண்டுபோயிருந்தால் பை இல்லாமல் போயிருக்குமா? மூன்றாவதுதான் என்னைத் தின்கிறது.

---

சும்மாசொல்லுறன் | ஞாயிறு இரவு 9.58

இதில் கேட்க என்ன இருக்கிறது? ஓட்டை போட்டது அவர்கள்தானே. ஆஸ்பத்திரியின் பெயரைப் போடுங்கள், மற்றவர்களாவது தப்பட்டும்.

---

மட்டுறுத்துநர் | ஞாயிறு இரவு 10.05

பெயர் போட வேண்டாம். ஊரும் வேண்டாம். போட்டால் இழையைப் பூட்ட வேண்டி வரும்.

---

வெள்ளைத்தொப்பி | ஞாயிறு இரவு 10.31

தம்பி, அப்பா இப்போது சாப்பிடுகிறாரா, நடக்கிறாரா? அதை முதலில் சொல்லும்.

நான் சத்திரசிகிச்சை வார்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். நெஞ்சு எக்ஸ்ரேக்குச் சத்தம் போட்ட முதல் ஆள் நீர் இல்லை. வாரத்துக்கு ஒருவராவது போடுவார்கள். நோயாளியை நிமிர்த்தி இருக்க வைத்து எடுப்பார்கள். குடல் ஓட்டையானால் உள்ளே இருந்த காற்று வெளியே வந்து மேலே ஏறி, உதரவிதானத்துக்கு, அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசைக்கு, கீழே போய் நிற்கும். படத்தில் ஈரலுக்கு மேலே கறுப்பாகப் பிறை மாதிரித் தெரியும். வயிற்றைப் படுக்க வைத்து எடுத்தால் அது பெரும்பாலும் தெரியாமல் போகும்.

அந்தக் காற்றும் அழுக்கும் உதரவிதானத்தை உறுத்தும்போதுதான் தோள் வலிக்கிறது. இரண்டுக்கும் போகிற நரம்பு கழுத்தில் ஒரே இடத்திலிருந்து வருகிறது. தலையணையில் பிழை இல்லை.

ஓமத்தண்ணீருக்காக அம்மாவை ஒருவரும் ஏச வேண்டாம். எங்கள் வீடுகளில் பிள்ளை பிறந்த நாளிலிருந்து வயிற்றில் எது நடந்தாலும் வாய்வுதான். நானே என்னுடைய மாமியாரின் அப்பெண்டிக்சை ஒரு முழுநாள் வாய்வு என்று வைத்திருந்தவள். வார்டில் பதினெட்டு வருடம் நின்ற பிறகு.

---

இரவுப்பணி | திங்கள் அதிகாலை 2.15

சத்திரசிகிச்சையில் மேற்படிப்புப் பயிற்சியில் இருக்கிறேன். இன்று இரவு கொஞ்சம் ஓய்வு கிடைத்திருக்கிறது, அதனால் விரிவாக எழுதலாம். அப்பாவைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, கமரா விட்டுப் பார்க்கும்போது குடல் துளைபடுவது மூன்று விதம். குழாய் வளைந்து சுருண்டு சுவரை நெருக்கிக் கிழிப்பது ஒன்று. இது பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும் வளைந்த பகுதியில், சிக்மொயிட்டில் நடக்கும். இரண்டாவது, அடித்த காற்று கூடிப்போய் வலப்பக்கத் தொடக்கப் பகுதி வெடிப்பது. அங்கேதான் குடல் அகலம் கூட, சுவரும் மெல்லியது. பெரிய பலூன் சீக்கிரம் உடைகிற மாதிரி. இப்போது பல இடங்களில் காற்றுக்குப் பதில் காபனீரொட்சைட்டு விடுகிறார்கள், அதை உடம்பு வேகமாக உறிஞ்சிவிடும்.

மூன்றாவதுதான் உங்கள் அப்பாவுக்கு நடந்ததாகத் தெரிகிறது. முளையைச் சுட்டு எடுக்கும்போது சூடு சுவரின் ஆழத்துக்குப் போய்விடும். அந்த நேரம் பார்த்தால் ஓட்டை இராது. சுட்ட தசை செத்து, ஒன்றிரண்டு நாளில், சிலவேளை அதற்கும் பிந்தி, உதிர்ந்து விழும்போதுதான் ஓட்டையாகிறது. ஒரு முழுநாள் பகிடி விட்டுக்கொண்டு இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது இதோடு சரியாகப் பொருந்துகிறது.

அது பிழையா? கமராவை விட்டுப் பார்ப்பதோடு நிறுத்தினால் துளைபடுவது ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. முளை எடுத்தால் கூடும், முளை பெரிதானால் இன்னும் கூடும். சிறிய முளைகளைச் சூடு இல்லாமல் வெறும் சுருக்கால் வெட்டலாம், பெரியவற்றுக்குக் கீழே நீர் ஏற்றிச் சுவரிலிருந்து தூக்கிவிட்டு எடுக்கலாம். அவர்கள் என்ன செய்தார்கள் என்பது றிப்போட்டில் இருக்கும். எல்லாம் சரியாகச் செய்தும் இது நடக்கும். நல்ல கையுள்ளவர்களுக்கும் நடந்திருக்கிறது. ஆனால் போகும்போது அவர்கள் உங்களுக்கு என்ன சொல்லி அனுப்பினார்கள்? வயிறு வலித்தால், வயிறு ஊதினால், தோள் குத்தினால், காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று தமிழில் யாராவது சொன்னார்களா? துளை விழுந்ததைவிட எனக்கு அந்தக் கேள்விதான் பெரிது.

உங்கள் மூன்றாவது கேள்வி. நேரத்தோடு வந்தால் வழிகள் கூட என்பது உண்மை. கமரா உள்ளே இருக்கும்போதே கண்டால் உள்ளிருந்தே சின்னக் கிளிப் போட்டு மூடிவிடலாம். சில மணித்தியாலத்தில் வந்து, வயிறு மென்மையாக இருந்து, ஸ்கானில் அழுக்குப் பரவவில்லை என்றால் வாயால் ஒன்றும் கொடுக்காமல், சேலைனும் கிருமிகொல்லி மருந்தும் ஏற்றி, மணிக்கு மணி தொட்டுப் பார்த்துக்கொண்டே சிலரை ஒப்பரேஷன் இல்லாமல் கரை சேர்க்கிறோம். மலம் பரவி வயிறு பலகையானால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. உங்கள் அப்பா எந்தப் பக்கம் விழுந்திருப்பார் என்று யாரும் சொல்ல முடியாது. எட்டு மணிக்கே கொண்டுவந்திருந்தாலும் சீனி வருத்தத்தோடு 67 வயதுக்காரருக்குப் பைதான் பாதுகாப்பு என்று ஒரு நிபுணர் முடிவெடுத்திருக்கலாம்.

காய்ச்சல் இல்லாதது பற்றி. வயதானவர்களுக்கும், சீனி உள்ளவர்களுக்கும், பிரெட்னிசலோன் மாதிரி ஸ்டீரொயிட் குளிசை போடுகிறவர்களுக்கும் உடம்பு சத்தம் போடாது. காய்ச்சலும் வராது, வயிறும் உடனே இறுகாது. நாடித்துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

---

சும்மாசொல்லுறன் | திங்கள் காலை 7.20

டொக்டருக்கு டொக்டர் சப்போர்ட். எதிர்பார்த்ததுதான்.

---

தம்பலகாமத்துப்பிள்ளை | திங்கள் காலை 8.02

இல்லை அண்ணா, அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எனக்குக் கோபமும் இருக்கிறது, இரண்டையும் சொல்கிறேன்.

எனக்குப் பித்தப்பைக் கல்லுக்குத் துளை போட்டு ஒப்பரேஷன் செய்தார்கள். எங்கே என்று கேட்காதீர்கள். அதற்கு முன் இரண்டு சிசேரியன். ஒப்பரேஷனுக்கு அடுத்த நாள் தோள் வலித்தது. இது உள்ளே ஏற்றிய வாயு, இரண்டு நாளில் போய்விடும் என்றார்கள். சரி என்று வீட்டுக்கு வந்தேன். தோள்வலி போனது. வயிற்றுவலி போகவில்லை. இரண்டாம் நாள் முதல் நாளைவிடக் கூட, மூன்றாம் நாள் அதைவிடக் கூட. போன் எடுத்துக் கேட்டால் "ஒப்பரேஷன் செய்த வயிறு நோகத்தானே செய்யும்" என்று பதில். மூன்றாம் நாள் இரவு வாந்தி பச்சையாக வந்தது. என் மனுசன் யாரையும் கேட்காமல் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனார். சிறுகுடலில் ஒரு சின்னக் கிழிசல். முதல் துளை போடும்போதே பட்டிருக்க வேண்டும் என்றார்கள். சிசேரியனால் குடல் வயிற்றுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு இருந்ததாம். ஒரு சாண் அளவு வெட்டிச் சேர்த்துத் தைத்தார்கள். பை வைக்கவில்லை.

என் கேள்வி: எனக்குத் தோள்வலி சாதாரணம், இவர் அப்பாவுக்குத் தோள்வலி ஆபத்து. நாங்கள் எப்படிப் பிரித்து அறிவது?

---

இரவுப்பணி | திங்கள் மாலை 6.40

அக்கா, நல்ல கேள்வி. துளை ஒப்பரேஷனில் குடலுக்கு வெளியே, வயிற்று வெளியில்தான் வாயு ஏற்றுகிறோம். மிச்சம் நின்றது உதரவிதானத்தை உறுத்தும். அதனால் ஒன்றிரண்டு நாள் தோள்வலி வரும், நாளுக்கு நாள் குறையும். பெருங்குடலுக்குக் கமரா விடும்போது காற்று குடலுக்கு உள்ளே மட்டும்தான் போகிறது. அந்தக் காற்று வயிற்றைப் பொருமச் செய்யும், பின்வழியாகப் பிரிந்தால் சுகமாகும். தோளுக்குப் போக அதற்கு வழி கிடையாது. போயிருந்தால் சுவரில் வழி உண்டாகிவிட்டது என்று பயப்பட வேண்டும்.

துளை ஒப்பரேஷன் முடிந்தவர்களுக்கு நாங்கள் சொல்வது ஒன்றே ஒன்று. இன்று நேற்றைவிடச் சுகமாக இருக்க வேண்டும். நேற்றைவிடக் கூடினால் அது "ஒப்பரேஷன் செய்த வயிறு" இல்லை, திரும்பி வர வேண்டிய வயிறு. குடலில் பட்ட காயங்களில் பல அந்த மேசையில் கண்ணுக்குத் தெரியாமல் போய் இப்படி நாள் கழித்துத்தான் வெளிப்படுகின்றன. உங்களிடம் போனில் அப்படிச் சொன்னவர் உங்களைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். அது தவறு. இதில் நான் யாருக்கும் சப்போர்ட் இல்லை.

முன்பு வயிற்றில் ஒப்பரேஷன் செய்தவர்களுக்குத் தொப்புளடியில் ஊசியைக் குருட்டுத்தனமாகக் குத்தாமல், சின்னதாக வெட்டித் திறந்து கண்ணால் பார்த்து உள்ளே போவது ஒரு முறை. இடப்பக்க விலா எலும்புக்குக் கீழே முதல் துளை போடுவது இன்னொன்று. ஒப்பரேஷனுக்கு முன் "எனக்கு இரண்டு சிசேரியன்" என்று நீங்களாகவே ஒரு தடவை உரத்துச் சொல்லுங்கள். கட்டாயம் அட்டையில் இருக்கும், இருந்தாலும் சொல்லுங்கள்.

---

கிண்ணியா பாதை | திங்கள் இரவு 8.55

அஸ்ஸலாமு அலைக்கும். ஆஸ்பத்திரியில் பட்ட காயம் பற்றித்தான் இவ்வளவும் பேசியிருக்கிறீர்கள். கடலில் பட்டதைச் சொல்கிறேன்.

என் தம்பி கடலட்டைக்கு முங்குகிறவன். நாலு வருடத்துக்கு முன் ஒரு நாள் மூன்று பேர் முங்கிக்கொண்டு இருக்கும்போது, தூரத்தில் நின்ற ஒரு போட்டில் யாரோ மீனுக்கு வெடி போட்டுவிட்டார்கள். களவாகச் செய்கிற வேலை. 1996 ஆம் ஆண்டுக் கடற்றொழில் சட்டத்திலேயே தடை, ஆனாலும் நடக்கிறது என்று கரையில் எல்லோருக்கும் தெரியும். தம்பி மேலே வந்து "வயித்தில யாரோ உதைச்ச மாதிரி இருக்கு நானா" என்றான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. தோல்கூடச் சிவக்கவில்லை. வீட்டில் உம்மா இஞ்சி பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தா. மறுநாள் மலத்தில் இரத்தம். மூன்றாம் நாள் வயிறு ஊதிவிட்டது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் இரண்டு இடத்தில் ஓட்டை.

பாலம் வருவதற்கு முன்னம் என்றால் அந்த இரவு பாதைக்கு, ஆட்களை அக்கரை ஏற்றிப்போகிற மிதவைக்கு, காத்து நின்றே முடிந்திருப்பான். 2009 இல் பாலம் திறந்தபடியால் அரை மணித்தியாலத்தில் திருமலைக்குக் கொண்டுபோய்விட்டோம். என் பெயரை வைத்தே நான் எந்தக் காலத்து ஆள் என்று தெரிந்திருக்கும்.

---

இரவுப்பணி | திங்கள் இரவு 11.30

நானா, வ அலைக்குமுஸ்ஸலாம். இது எங்கள் கரையோரத்தில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டிய காயம். தரையில் வெடித்தால் அதிர்ச்சி காற்றில் சீக்கிரம் அடங்கிவிடும். தண்ணீர் அமுங்காது, அதனால் அலை வெகுதூரம் பலம் அதிகம் குறையாமல் வரும். உடம்பின் பெரும்பகுதி நீர்தான் என்பதால் தசையும் தோலும் அதை அப்படியே கடந்துபோக விடும். காற்று இருக்கிற இடத்தில்தான் அது உடைக்கும். குடல், நுரையீரல், காது. இரண்டாம் உலகப் போரில் கப்பல் மூழ்கித் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த மாலுமிகள், பக்கத்தில் நீர்மூழ்கிக்குப் போட்ட குண்டு வெடித்து வெளிக்காயம் ஒன்றும் இல்லாமல் குடல் கிழிந்து இறந்திருக்கிறார்கள்.

குடல் சுவரில் முதலில் இரத்தக் கட்டுத்தான் வரும். அது நாள் கழித்துச் செத்து ஓட்டையாகும். அதனால் முதல் நாள் ஸ்கான் நன்றாக இருந்தாலும் ஆளை விடக்கூடாது. தண்ணீருக்குள் இருக்கும்போது வெடி கேட்டது என்று வருகிறவரை நாங்கள் வைத்துப் பார்ப்போம். பயத்தில் பலர் வெடியைச் சொல்ல மாட்டார்கள், வள்ளத்தில் விழுந்தேன் என்பார்கள். சொல்லுங்கள். நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது.

---

சைக்கிள் சேர் | செவ்வாய் காலை 6.10

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். என் வகுப்புப் பையன் சைக்கிளில் விழுந்து ஹாண்டில் முனை வயிற்றில் குத்தியது. ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஒரு வட்டத் தடம், அவ்வளவுதான். விளையாடப் போய்விட்டான். இரண்டாம் நாள் இரவு வாந்தி. குடல் முதுகெலும்போடு நசுங்கியிருந்தது. அன்றிலிருந்து வட்டத் தடம் கண்டால் நான் பெற்றோருக்குப் போன் எடுக்காமல் விடுவதில்லை.

---

சும்மாசொல்லுறன் | செவ்வாய் காலை 9.15

சரி, பாரை மீன் முள் விழுங்கினால்? நக்கலாகக் கேட்கவில்லை. போன கிழமை விழுங்கினேன், தொண்டையைத் தாண்டிப் போய்விட்டது.

---

வெள்ளைத்தொப்பி | செவ்வாய் காலை 10.44

கேட்டது நல்லது. தாண்டிப் போன முள் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். அரிதாகச் சிலருக்குச் சிறுகுடலின் கடைசியிலோ சிக்மொயிட்டிலோ குத்தி நிற்கும். கூத்து என்னவென்றால் முள் விழுங்கியது அவர்களுக்கு ஞாபகமே இருக்காது. சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, ஸ்கானில்தான் தெரியும். வயிறு ஒரே இடத்தில் நோகத் தொடங்கினால் போய்க் காட்டும். அதுவரை சோற்றுருண்டை விழுங்கி, வாழைப்பழம் விழுங்கி முள்ளைத் தள்ளுகிற வேலை வேண்டாம். அப்பெண்டிக்ஸ் என்று திறந்து முள்ளை எடுத்த கேஸ் நானே பார்த்திருக்கிறேன். கும்பளா மீன் முள்.

பேரப்பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஒன்று: விளையாட்டுச் சாமானில் இருக்கிற சின்னக் காந்தம் இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்பை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளைத்துவிடும். அதற்கு வாழைப்பழமும் இல்லை, பொறுத்துப் பார்ப்பதும் இல்லை. வட்டப் பற்றரி தொண்டையில் நின்றால் மணித்தியாலக் கணக்குத்தான். நேரே ஆஸ்பத்திரி.

உப்புவெளித் தம்பியைக் காணவில்லையே?

---

உப்புவெளிக்காரன் | செவ்வாய் இரவு 9.05

இருக்கிறேன் அக்கா. எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உங்களுடைய மாமியார் கதையில்தான் கொஞ்சம் சிரித்தார்.

அப்பா கஞ்சியும் இடியப்பமும் சாப்பிடுகிறார், முற்றம் வரை நடக்கிறார். பையைப் பார்க்க மாட்டேன் என்கிறார். நான் கழற்றும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். வீட்டுக்கு யாரும் வரக்கூடாதாம். கோயிலுக்கு இனிப் போக முடியாது என்று ஒருநாள் அழுதார். 40 வருடம் கோணேசர் தேர் பார்த்தவர்.

அந்த ஆஸ்பத்திரி தந்த பேப்பரைத் தேடி எடுத்தேன். முழுக்க ஆங்கிலம். கடைசியில் ஒரு வரி, வலி இருந்தால் தொடர்புகொள்ளவும். அதற்கு நேரே போன் நம்பர் இல்லை.

---

இரவுப்பணி | புதன் அதிகாலை 1.20

அண்ணா, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். எடுத்த முளையின் பரிசோதனை முடிவு வந்ததா? இந்த அமளியில் பலர் அதைத்தான் மறந்துவிடுவார்கள். அது என்ன முளை, புற்று ஏதும் இருந்ததா, முழுதாக வந்ததா என்பதை வைத்துத்தான் அடுத்த வைத்தியமே. போன் எடுத்துக் கேளுங்கள்.

பை ஏன் என்று அப்பா கேட்டால் சொல்லுங்கள். அழுக்கு நிறைந்த வயிற்றில், இரத்த அழுத்தம் விழுந்திருக்கும் ஆளுக்குப் பெருங்குடலை வெட்டி ஒட்டினால் தையல் பிடிக்காமல் கசியும். அந்த இரண்டாம் கசிவுதான் ஆளைக் கொண்டுபோகும். அதனால் கெட்ட துண்டை எடுத்துவிட்டு மேல்முனையை வெளியே வைத்து, கீழ்முனையை மூடி உள்ளே விடுகிறோம். ஹார்ட்மன் என்ற பிரெஞ்சுக்காரர் 1921 இல் புற்றுநோய்க்காகச் சொன்ன முறை இது. இரண்டாம் உலகப் போரில் பெருங்குடலில் குண்டு பட்டால் கட்டாயம் வெளியே எடுத்து வைக்க வேண்டும் என்பது இராணுவ ஒழுங்கு. 1979 இல்தான் ஸ்டோன், ஃபேபியன் என்ற இருவர் அமெரிக்காவில் காயக்காரர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்து, நேரத்தோடு வந்த, அழுக்குக் குறைந்தவர்களுக்கு நேரே தைத்துவிடலாம் என்று காட்டினார்கள். தம்பலகாமத்து அக்காவுக்குப் பை இல்லாமல் போனதற்குக் காரணம், அது சிறுகுடல். இரத்த ஓட்டம் நல்லது, கிருமி குறைவு, தைத்தால் பிடிக்கும்.

திருப்பி உள்ளே வைப்பது பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் கழித்து. எல்லோருக்கும் வைப்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். வயதும் இருதயமும் இடம் தராவிட்டால் சிலர் பையோடேயே இருந்துவிடுகிறார்கள். முற்றத்தில் நடக்கிற ஆளுக்கு நான் நம்பிக்கையோடு இருப்பேன்.

---

வெள்ளைத்தொப்பி | புதன் காலை 11.15

கோயிலுக்கு ஏன் போக முடியாது? பை வைத்துக்கொண்டு பஸ் ஓட்டுகிறவரை எனக்குத் தெரியும். பள்ளிவாசலில் முன்வரிசையில் தொழுகிறவரையும் தெரியும். போக முன் பையை வெறுமையாக்கிவிட்டுப் போகட்டும், வேட்டிக்கு மேலே ஒன்றும் தெரியாது.

பை கழற்றும்போது அவரைச் சுவர்ப்பக்கம் திரும்ப விடாதீர். கண்ணாடி ஒன்றைக் கையில் கொடும். வெளியே தெரிகிற குடல் சிவப்பாக, ஈரமாக, கன்னத்தின் உட்பக்கம் மாதிரி இருக்க வேண்டும். தொட்டால் நோகாது, நோவு அறியும் நரம்பு அதில் இல்லை. இதைச் சொன்னதும் பல ஆட்கள் தாங்களே தொட்டுப் பார்த்திருக்கிறார்கள், அதோடு பயம் பாதி போய்விடும். கறுத்துப் போனாலோ உள்ளே இழுத்துக்கொண்டாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் வரவேண்டும்.

வெட்டுகிற ஓட்டை குடலைவிட இரண்டு மூன்று மில்லிமீற்றர் மட்டும் பெரிதாக இருக்கட்டும். பெரிதாக வெட்டினால் மலம் தோலில் பட்டு வேகும். முதல் இரண்டு மாதம் குடல் சுருங்கிக்கொண்டு வரும், ஆஸ்பத்திரியில் தந்த அளவிலேயே வெட்டிக்கொண்டு இருக்காதீர். வெறும் தண்ணீரால் கழுவி ஒற்றி எடுத்தால் போதும். எண்ணெய், பவுடர், வாசனைச் சவர்க்காரம் பட்டால் பை ஒட்டாது. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே கொட்டும், பாரம் கூடினால் பிய்ந்துவிடும், அதுவும் ஆட்கள் இருக்கிற நேரம் பார்த்து.

கிண்ணியா நானாவின் தம்பிக்குச் சிறுகுடல் வெளியே வைத்தார்களா?

---

கிண்ணியா பாதை | புதன் பின்னேரம் 5.30

ஓம் அக்கா, ஐந்து மாதம். அதில் நாங்கள் பட்ட பாடு வேறு. தண்ணி மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு நாளைக்கு ஆறேழு தடவை கொட்டுவோம். தாகம் என்பான். நாங்கள் இளநீரும் தண்ணீரும் கொடுக்கக் கொடுக்க இன்னும் கூட ஓடியது. ஒரு நாள் கண் குழிவிழுந்து, மூத்திரம் இல்லாமல் போய்த் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிறுநீரகம் அடிபடப் பார்த்ததாம். அங்கே ஒரு தாதி மிஸ் ஏசின ஏச்சு இன்னும் காதில் கேட்கிறது.

---

வெள்ளைத்தொப்பி | புதன் மாலை 6.12

அவ ஏசினது சரி. சிறுகுடல் பையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரோ இளநீரோ குடித்தால் அது உடம்பிலிருந்து உப்பை இழுத்துக்கொண்டு வெளியே ஓடும். இளநீரில் பொட்டாசியம் கூட, சோடியம் குறைவு. உப்பும் சீனியும் கலந்த ஜீவனிக் கரைசல்தான் குடிக்க வேண்டும், வெறும் தண்ணீரை மட்டுப்படுத்த வேண்டும். உப்புக் கூடப் போட்ட கஞ்சியும் நல்லது. தேங்காய்ப்பூ, சோளம், முருங்கைக்காய்ச் சக்கை அடைத்துவிடும். பெருங்குடல் பைக்கு இவ்வளவு கட்டுப்பாடு இல்லை, உப்புவெளித் தம்பி இதை வாசித்துவிட்டு அப்பாவுக்கு ஜீவனி கரைக்கப் போய்விடாதீர். அவருக்குச் சீனி வேறு.

---

கச்சேரியடி | புதன் இரவு 8.20

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், சட்டத்தரணி ஒருவரிடம் காட்டித்தான் முடிவெடுக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வைத்தால் எல்லாம் போச்சு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது பிழை. இப்படி நடக்கலாம் என்று தெரிந்து சம்மதித்தீர்கள் என்பதற்குத்தான் அந்தக் கையெழுத்து, கவனயீனத்துக்கு அது அனுமதி இல்லை. நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடக் காலவரையறை. கமராவின் றிப்போட், படங்கள், ஒப்புதல் படிவம், டயக்னோசிஸ் கார்ட் எல்லாவற்றிலும் பிரதி எடுத்து வையுங்கள். தனியார் ஆஸ்பத்திரிகளை ஒழுங்குபடுத்த 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒரு பேரவை இருக்கிறது, அங்கே முறையிடலாம். டொக்டரின் நடத்தை பற்றி என்றால் இலங்கை மருத்துவச் சபை.

இதைப் படிக்கிறபோது எனக்குத் தோன்றுவது, உங்கள் வழக்கு துளையைப் பற்றியது இல்லை. அந்த நம்பர் இல்லாத பேப்பரைப் பற்றியது.

---

உப்புவெளிக்காரன் | வெள்ளி இரவு 7.50

முடிவு வந்துவிட்டது. புற்று இல்லை. அடினோமா என்று போட்டிருக்கிறது, விட்டிருந்தால் வருடங்கள் கழித்துப் புற்றாக மாறக்கூடியது, முழுதாக வந்திருக்கிறது. கமராவே விட்டிருக்கக்கூடாது என்று மூன்று கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்த தம்பி அதற்குப் பிறகு பேசவில்லை.

அந்த ஆஸ்பத்திரிக்குக் கடிதம் ஒன்று எழுதினேன். வழக்கு இல்லை. தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத் தாள் அச்சடித்துக் கொடுங்கள், எந்த வலிக்கு எங்கே போக வேண்டும் என்று, இரவில் எடுக்கிற நம்பரோடு. இவ்வளவுதான் கேட்டேன். பதில் வரும் வரை பிரதிகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், கச்சேரியடி ஐயா.

அப்பா நேற்றுக் கண்ணாடி பிடித்தார். தொட்டும் பார்த்தார். "நோகேல்லடா" என்றார்.

ஒரு உதவி. 57 மில்லிமீற்றர் வளையப் பை இங்கே இரண்டு பாமசியிலும் முடிந்துவிட்டது. கிளினிக் வரைக்கும் மூன்றுதான் கையில் இருக்கிறது.

---

கிண்ணியா பாதை | வெள்ளி இரவு 8.03

தம்பியுடைய மிச்சம் ஒரு பெட்டி அலுமாரியில் கிடக்கிறது. அளவு 57 தான், திகதியும் இன்னும் முடியவில்லை. நாளைக் காலை மார்க்கெட்டுக்கு வருவேன். சிவன் கோயிலடியில் ஒன்பது மணிக்கு நில்லுங்கள், நீலக் கூலர் வான்.